அத்தான் விற்ற கார்

கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் பத்து வருடம் கால் கடுக்க நின்று வேலை பார்த்தவள் அவள். சேர்த்ததையெல்லாம் போட்டு, அக்கா புருஷனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினாள். வளைவில் திருப்பினால் வண்டி படகு மாதிரி ஆடியது. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அத்தான் சொன்னார்:

"வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. ஓட்டுற கையிலதான் கோளாறு."

குடும்பமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

மறுவாரம் மெக்கானிக் வண்டியைத் தூக்கிவைத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நான்கு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தன. அவற்றைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனர் பட்ட தடம் புதிதாக மின்னியது.

"நல்லதைக் கழட்டிட்டு எங்கயோ கிடந்ததை மாட்டியிருக்காங்க," என்றார்.

நல்லது எங்கே போயிருக்கும் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தான் அடுத்து வாங்கிய வண்டியும் அதே மாடல்தான். நேரே போய்க் கேட்டால் மனிதர் பேசியே மழுப்பிவிடுவார். மழுப்ப முடியாத இடம் ஒன்றுதான்: அவர் மாதாமாதம் போய் மார்தட்டிக்கொள்ளும் ரேஸ் டிராக்.

வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்-ஷாக் முழு செட் அவள் கைக்கு எட்டாது. விலை மலிவான குட்டை ஸ்பிரிங் கண்ணை இழுத்தது. வண்டி தாழ்ந்து ஜோராக நிற்கும், ஆனால் செத்த ஷாக்கோடு தவளை மாதிரித் துள்ளும் என்று மெக்கானிக் தடுத்துவிட்டார். கடைசியில் ஸ்பிரிங்கைத் தொடாமல் நான்கு நல்ல ஷாக், சக்கர இணைப்புகளில் வெடித்துப்போன ரப்பர் புஷ்களுக்குப் பதில் புதுசு, வீல் அலைன்மென்ட் என்று முடிவானது. மிச்சக் காசுக்கு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில், வளைவில் வண்டியைச் சாயவிடாத தடித்த கம்பி ஒன்று கிடைத்தது. புஷ்களை அவளே அழுத்தி ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் அத்தானுக்கு ஒரு வசவு விழுந்தது.

அடுத்த மாதம் டிராக்கில் அவரைவிட ஒன்றரை விநாடி முன்னதாகச் சுற்றை முடித்தாள். நேரப் பலகையை இரண்டு தடவை பார்த்துவிட்டு அத்தான் வந்தார்.

"அப்படி என்னத்த மாட்டின?"

பக்கத்தில் அக்காவும் அவருடைய கூட்டாளிகளும் நின்றிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"விக்கிறதுக்கு முன்னாடி நீங்க கழட்டிக்கிட்டதைத்தான், அத்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எதைக் கழட்டினீர்கள் என்று அக்கா அவரைக் கேட்டதும், கூட்டாளிகளைப் பார்க்காமல் தன் வண்டியை நோக்கி நடந்தார்.

திரும்பும்போது அக்கா தங்கையின் வண்டியில் ஏறிக்கொண்டாள். பாதி வழியில் கேட்டாள்:

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கக் கிடைத்திருக்காது. அதை மட்டும் அக்காவிடம் சொல்லாமல் அவள் கியரை மாற்றினாள்.