பழைய ஹெட்போனும் புதிய ஹெட்போனும்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது இது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் மறந்துபோய்விட்டன.

அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார். பாட்டில் எந்தச் சத்தம் முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று சரிசெய்கிற வேலை. உன் தம்பி காதை வைத்தே பிழைக்கிறான் என்று அப்பா அம்மாவைக் கிண்டலடிப்பார். எனக்குக் காது குத்தியது மாமா மடியில்தான். அதனால் என் காதுகளில் தனக்கும் பாத்தியதை உண்டு என்பது மாமாவின் கட்சி.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் ஊர் கோட்டுச்சேரிக்கு வந்தவர், பையிலிருந்து இரண்டு ஹெட்போன்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஒன்று பழையது, கறுப்பு நிறம், காதை முழுசாக மூடிக்கொள்கிற தடித்த மெத்தை. மற்றது புத்தம் புதியது. வெளிப்பக்கம் கம்பி வலை போட்டிருந்தது. புதியதன் விலையைக் கேட்ட அம்மா, அந்தக் காசில் ஒரு ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே என்று பிடித்துக்கொண்டாள். அவள் அடுப்படிக்குப் போன பிறகுதான் மாமா என்னைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நாளாகப் பழையதில் மெல்லிய சத்தங்கள் மங்கலாக வருகின்றனவாம். அது கெட்டுவிட்டதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

"கெட்டுப் போயிருந்தா இத நீயே வச்சுக்க மருமகளே. நல்லாருந்துச்சுன்னா ரெண்டையும் நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

இந்த இரண்டாவது விஷயத்தை மாமா சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அன்று விடியற்காலையில் காரைக்கால்மேட்டுக்குப் போய் மீன் ஏலத்தைப் பதிவுசெய்து வந்திருந்தார். முதலில் புதியதை மாட்டிவிட்டார். சத்தம் காதுக்குள் கேட்கவில்லை, அறைக்குள் கேட்டது. இடப்பக்கம் ஏலக்காரர் கூவினார். வலப்பக்கம் யாரோ ஐஸ் உடைத்தார்கள். கிட்டத்தில் ஒரு அம்மாள் கூடையில் கையை விட்டு இறாலைப் புரட்ட, கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பதமாக வடித்த சோறு மாதிரி எல்லாம் உதிரி உதிரியாக இருந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். மாமா சிரித்தார்.

பிறகு பழையது. காதை மூடியதும் வீடே காணாமல் போனது. அம்மாவின் மிக்ஸி கூட நின்றுவிட்டது போலிருந்தது. ஏலக்காரர் நெருங்கி வந்து தோளில் கை போட்டுப் பேசினார். படகு இன்ஜின் டுப் டுப்பென்று என் நெஞ்சுக்குள்ளேயே ஓடியது. ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! புதியது எல்லாவற்றையும் எட்ட நின்று காட்டியது. பழையது என்னைப் படகிலேயே ஏற்றிவிட்டது. வளையல் இதிலும் கேட்டது. ஓரடி தள்ளி, கொஞ்சம் அடக்கமாக, ஆனால் எண்ணிவிடலாம் போல. அந்த நிமிடமே அதை என்னுடையது என்று முடிவுகட்டிவிட்டேன்.

மாமா அதே இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டார். ஒரு பக்கத்து மெத்தையை லேசாகத் தூக்கிக் கேட்டார்.

"இதுல வளையல் கேக்குதா?"

நான் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, ரொம்பவும் பாடுபட்டுக் கேட்டேன். இன்னொரு காதில் வளையல் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லயே மாமா. புதுசுல கேட்டுச்சு, இதுல காணும்."

பிடிபடுவேன் என்றுதான் நினைத்தேன். மாமாவோ பெருமூச்சு விட்டு, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அடுப்படிக்கு ஓடி, பழைய ஹெட்போன்தான் கெட்டுவிட்டதாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

"அது கெட்டதுக்கா இத்தன சந்தோஷம் ஒனக்கு?" என்றாள் அம்மா.

எனக்கும் அதே சந்தேகம்தான். அன்று மத்தியானம் மாமா இரண்டு தடவை மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயந்திரம் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். விலை உயர்ந்த பொருள் வீணாய்ப்போனதற்கு ஒரு மனிதர் இப்படிக் குதிப்பாரா என்று யோசித்து, மாமாவுக்குத் தாராள மனசு என்று முடிவுசெய்துகொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு பொங்கலுக்கு வந்தபோது அவர் இரண்டு காதுக்குப் பின்னாலும், கேட்க உதவும் சின்னக் கருவி இருந்தது. வேலையை விட்டிருந்தார். அவர் சரிசெய்த பாட்டெல்லாம் காதைக் கிழிக்கிறது என்று புகார் வரவர, மாமா ஸ்பீக்கர், ஹெட்போன் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லி, இன்னும் சத்தமாக வைத்துக் கேட்டிருக்கிறார். மெல்லிய சத்தம் முதன்முதலாக மங்கியபோதே வந்திருந்தால் காதில் மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அம்மாவிடம் மாமா இதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் அப்பா, அம்மா என்று எல்லோரும் பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் என்னைக் கேள்வி கேட்பார்கள். மாமாவும் அப்படித்தான் கேட்கிறார் என்று அன்று நினைத்துவிட்டேன்.