கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு கறை

கோமதியைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். அவளுடைய அக்கா அல்ல.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குக் கோமதியைத் தெரியாது. அது அவளுடைய உண்மையான பெயரும் அல்ல. பெயரை மாற்றுவதில் நான் கெட்டிக்காரி... அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்த லட்சணத்தில் முடிந்தது என்பதைக் கேளுங்கள்.

அப்போது நான் மனநல ஆலோசகர் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். ஆரணியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்கிய ஆலோசனை மையத்தில் பயிற்சி. வந்தவரைப் பேச வைப்பது எப்படி என்பதுதான் பாடம். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைக் கேட்கக் கூடாது. அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடவே கூடாது. அவர் மௌனமானால் நாமும் மௌனமாக இருக்க வேண்டும்.

கேட்க எவ்வளவு எளிது! எனக்கோ வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடு. ஒத்திகையில் தோழி பொய்யாக அழுதால்கூட, "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று உளறிவிட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். மேடம் என்பது எங்கள் பயிற்சியைக் கண்காணித்த மூத்த ஆலோசகர்.

கோமதிதான் என்னிடம் வந்த முதல் ஆள். பட்டு நெசவுக்காரி. கணவனும் அவளும் ஒரே தறியில் வேலை செய்கிறார்கள். அவன் சேலையின் உடலை நெய்ய, இவள் அருகில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். பல மாதங்களாக அவன் இவளிடம் பேசுவதில்லை.

"தோளு இடிக்கிற மாதிரிதான் குந்திகினு இருக்கோம் மேடம். ஆனா ஒரு வார்த்தை கெடையாது. பேஜாரா கீது" என்றாள்.

"அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றேன். பாடத்தில் இருந்த வாக்கியம். உண்மையில் அவள் பேசிய பாதி நேரம் நான் காதில் வாங்கவே இல்லை. அடுத்து எந்தக் கேள்வி சரி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அவள் சொன்னாள். செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் அவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. மகளை அழைத்துக்கொண்டு பெரணமல்லூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். கம்பெனி பஸ் அங்கேயே வரும்.

"எங்க அக்காவுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். எங்க வீட்டாண்ட தெரிஞ்சா அவ்ளோதான் மேடம், அனுப்பவே மாட்டாங்க."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். தறியில் உட்கார்ந்தபடியே ஒருநாள் அழுதிருக்கிறாள். கத்தரிப்பூ நிறச் சேலை, அன்னப்பறவை போட்ட அன்னக்கரை. கண்ணீர் விழுந்த இடம் கறையாகிவிட்டது. சேலையை வாங்கிக்கொள்ளும் பட்டு முதலாளி கேட்டபோது, மகள் தண்ணீரைச் சிந்திவிட்டாள் என்று சமாளித்தாளாம்.

வாரம் ஒருமுறை வகுப்பில் நாங்கள் செய்த நேர்காணலை விவரிக்க வேண்டும். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பது விதி. நான் பெயரை மாற்றினேன். வயதை மாற்றினேன். ஊரைப் போளூர் ஆக்கினேன். மகளை மகன் ஆக்கினேன். வேலையையும் அக்கா வீட்டையும் அப்படியே சொன்னேன்.

சேலையை மாற்றவில்லை.

ஏன் மாற்றவில்லை? நெசவுத் தெருவில் பிறந்தவள் நான். கத்தரிப்பூ நிறத்தைப் பச்சை என்று சொல்ல எனக்கு வாய் வராது... இது பாதி உண்மை. அந்தக் கறையைச் சொல்லும்போது வகுப்பே உச்சுக்கொட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உச்சுக்கொட்டினார்கள்!

அந்த வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி, பட்டு முதலாளி வீட்டு மருமகள். கறை படிந்த அந்தச் சேலை அவள் வீட்டுக் கூடத்தில்தான் விரிக்கப்பட்டிருந்தது. அந்த அன்னக்கரையை அவர்கள் ஒரே ஒரு தறிக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டுத் தறி என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் கெட்டவள் அல்ல. சாப்பிடும்போது மாமியாரிடம் சொன்னாள், மாமியார் கணக்குப்பிள்ளையிடம், அவர் கோமதியின் கணவனிடம். அடுத்த வகுப்பில் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய் தவறிச் சொல்லிட்டேன்ப்பா. மேடத்துக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சர்டிபிகேட் கெடைக்காது. மூச்சு வுடாத."

நான் மூச்சு விடவில்லை.

கோமதி மறுபடி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அவளுடைய போனையும் ஆதார் அட்டையையும் அவள் மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாள். மகளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில் சேர வேண்டிய நாளும் போய்விட்டது.

"எங்க அக்காதான் மேடம் சொல்லிகிறா. ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நீங்க சொல்ல மாட்டீங்க."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. 'உங்க அக்கா சொல்லலை, என்னாலதான் வெளியே போச்சு.' அவ்வளவுதான்! நாக்கின் நுனிவரை வந்தது. நான் பேசாமல் இருந்தேன். பிறகு அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

"கூடப் பொறந்தவங்களே இப்படிப் பண்ணிட்டாங்கன்னு உங்களுக்கு வேதனையா இருக்கு."

அவள் உடைந்து அழுதாள். அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. அன்றுதான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன்.

அன்று முதல்முறையாக, கோமதியின் சம்மதத்தோடு மூலையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த மேடம், அவள் போன பிறகு என் தோளைத் தட்டினார். "இன்னிக்குதாம்மா நீ ஆலோசகர் ஆன. எவ்ளோ அழகா அமைதியா இருந்த!"

நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன்... நம்ப முடிகிறதா உங்களால்?

சான்றிதழ் வந்தது. அதே மையத்தில் வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் சான்றிதழுக்காகப் பயந்தேன். இப்போது எதற்காகப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னை நம்புவது எனக்குப் பிடித்துப்போய்விட்டதோ?

கோமதியின் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். போனையும் கொடுத்துவிட்டார்கள். கணவனும் இவளும் பழையபடி தோள் இடிக்க ஒரே தறியில். அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்கு இவள் போகவில்லை. அக்கா நேரில் வந்தபோது கதவைத் திறக்கவில்லை. ஆனால் என்னிடம் மட்டும் தவறாமல் வருகிறாள். "உங்களாண்ட பேசனாதான் மேடம் மனசு லேசாவுது" என்கிறாள்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. இருவருமே பார்த்தோம்.

"வுடாம அடிச்சிகினே இருக்கா மேடம். எடுக்கட்டுமா?"

எடுங்கள் என்று ஒரு சொல் போதும். ஆனால் அறிவுரை கூறக் கூடாது அல்லவா?

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. நாங்கள் இருவரும் மௌனமாக இருந்தோம்.