ஓட வேண்டாம் என்று சொன்னவர்

இல்லை, எந்தக் குதிரையும் உதைக்கவில்லை. மஞ்சள் காமாலை. கேட்கிற எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால்நடை மருத்துவர் பிலோமினா இறந்த செய்தி வெள்ளகோவிலில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தது. எடுத்த அண்ணன் முதலில் கேட்டது, "எந்தக் குதிரைங்க?" குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர் குதிரையால்தான் சாக வேண்டும் போலிருக்கிறது.

ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கருமத்தம்பட்டிக்காரர், காங்கேயத்தில் தனியாகக் குடியிருந்தார். டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கியதும் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "குதிரையே நிக்குது, நான் உட்கார்ந்து என்னத்தப் பண்றதுங்க?"

ஒருமுறை பந்தயத்துக்கு முதல் நாள் ஒருவர் நொண்டும் குதிரையோடு வந்தார்.

"ஒரே ஒரு ஊசிங்க டாக்டரம்மா. நாளைக்கு ஓட்டிப்போட்டு வந்தர்றனுங்க."

"போடறனுங்க. உங்களுக்குப் போடட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வலி தெரியலீன்னா காயம் ஆறிப்போச்சுன்னு அர்த்தமில்லைங்க. குதிரை உடைஞ்ச காலையும் ஊனி ஓடும். ஓட்டறவங்களுக்குத்தான் அறிவு வேணும்." அந்த மனிதர் வேறெங்கோ போய்க் குதிரைக்கு ஊசி போட்டார். குதிரை பாதி வழியில் விழுந்தது. அதன் பிறகும் இங்கே எதுவும் மாறவில்லை.

எங்கள் குதிரை சிட்டுவுக்கு இந்த வருடம் முன்னங்கால் நரம்பு வீங்கியது. டாக்டரம்மா வந்து அந்தக் காலை முழங்காலிலிருந்து குளம்பு வரை புறங்கையால் தடவினார். பிறகு வீங்காத மற்றக் காலை. மறுபடி இதை. "சூடு இருக்குதுங்க. சூடு போற வரைக்கும் ஓட்டமே கூடாது. பம்புசெட் தொட்டியில நிறுத்துங்க. உழுத காட்டுல கையில புடிச்சு நடத்துங்க. கொள்ளுத் தீனியக் குறைங்க."

"சும்மா நடந்தா கால் மரத்துப்போயிருமுங்க," என்றான் அண்ணன்.

"நடக்கறதும் பழக்கந்தானுங்க. ஓடறது மட்டும்தான் வேலைன்னு ஆருங்க சொன்னது?"

அவர் போனதும் அண்ணன் என்னிடம், "இந்தம்மா வந்தாலே குதிரைக்கு லீவுதான்" என்றான்.

இரங்கல் கூட்டத்தில் குதிரைக்காரர்கள் நீங்கள் பேசியதை எல்லாம் கேட்டேன். நொண்டிக் குதிரையையும் ஓட வைத்தவர் என்றீர்கள். கைராசி என்றீர்கள். ஒருவர்கூட அவர் ஓட வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லவில்லை. எனக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. பிறகு அவர் நினைவாக ஒரு பந்தயம் என்று அறிவித்தீர்கள். தார்ச்சாலையில். அண்ணன் எழுந்து, "டாக்டரம்மா கடைசியாப் பார்த்த குதிரை எங்க சிட்டுதானுங்க. அதுதான் முன்னால ஓடோணும்" என்றான். கைதட்டினீர்கள்.

கால் இன்னும் ஆறவில்லை என்று நான் எழுந்து சொன்னேன்.

"அம்மணி காலேஜ்ல குதிரையப் பத்தியுமுங்களா படிச்சீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் புறங்கைதான். தினமும் விடிந்ததும் சிட்டுவின் கால்களை அதேபோல் தொட்டுப் பார்க்கிறேன். இந்தக் கால், அந்தக் கால், மறுபடி இந்தக் கால். பந்தயத்துக்கு முந்தின நாளும் சூடு இருந்தது.

அன்று புது லாடம் அடிக்க அண்ணன் வரச்சொல்லியிருந்த பாய் வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தான். பழசைக் கழற்றச் சொன்னேன். குளம்பின் ஓரத்தையும் அரத்தால் நன்றாக ராவிக் குறைத்துவிடச் சொன்னேன்.

"ராவினா அது வளர்ற வரைக்கும் லாட ஆணி நிக்காதுங்கம்மா. லாடமில்லாம நாளைக்குத் தார்ச்சாலையில எப்படி ஓடும்?"

"ஓடாதுங்க பாய். ராவுங்க."

பாய் அரத்தை எடுத்தார். முடிந்ததும் சிட்டுவைப் பிடித்துக்கொண்டு உழுத காட்டில் நடந்தேன்.