பெயர் எழுதாத மாடிப்படி விளக்குகள்

காலையில் நான் என் மின்சாமான் கடையைத் திறந்ததும் அதே கட்டடத்தின் ஆறாம் மாடியிலிருந்து ஒரு கயிறு இறங்கும். அதன் நுனியிலுள்ள கிளிப்பில் செய்தித்தாளை மாட்டிக் கயிற்றைச் சுண்டுவேன். மேலே மணி அடிக்கும், ஊ அந்தோணி இழுத்துக்கொள்வார். 'ஊ' என்பது இங்கே பர்மாவில் பெரியவர்களுக்கு மரியாதைச் சொல். போன வாரம் ஒரு நாள் கயிறு இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் அவர் தங்கை நின்றிருந்தார். "பாய், அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். செய்தித்தாளும் கையுமாகத் தெருவிலேயே நின்றுவிட்டேன். எங்கள் பேட்டையான இந்தப் பசுந்தாங்கில் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, வாடிக்கையாளர்கள் உண்டு. சலிக்காமல் சண்டை போட அவர் ஒருவர்தான் இருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பின்தலை மறந்திருக்காது. முடி ஏறுமாறாக வெட்டியிருக்கும். டென்மார்க்கில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். சம்பளத்தில் பெரிய துண்டு வரியாகப் போய்விடுமாம். கடைகளில் விலையும் நெருப்பாம். "முடி வெட்டுறவரும் நல்லா வாழணும்ல பாய், அதான் அந்த விலை" என்பார். அதனால் வீட்டிலேயே மனைவி எஸ்தர் வெட்டிவிடுவாராம். எஸ்தர் இறந்தபின் தானே கண்ணாடி பார்த்து வெட்டப் பழகியவர், இங்கே திரும்பி வந்தும் விடவில்லை.

"பணக்கார நாட்டுல இருந்துட்டு முடிவெட்டக் காசில்லாம வந்திருக்கீங்களே" என்று நான் கேலி செய்யாத நாளில்லை. ஒருநாள் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னார். "எஸ்தர் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் கிடந்தா. எனக்கு ஆன செலவு, போய்வர பஸ் காசு மட்டும்தான். மீதியெல்லாம் அந்த வரிப்பணம்." அன்று அவருக்கு நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மின்சாரம் அடிக்கடி போகத் தொடங்கியபின் எங்கள் மாடிப்படியில் பகலிலும் இருட்டுத்தான். நாலாம் மாடியில் துணி தேய்த்துப் பிழைக்கும் டோ மியா அம்மாள் ('டோ' என்பது பெண்களுக்கான 'ஊ'), மூட்டையோடு உருண்டு மணிக்கட்டு பிசகிப் பல நாள் வேலையில்லாமல் கிடந்தார். ஊ அந்தோணி எல்லா வீட்டாரையும் கூட்டினார். திருப்பத்துக்குத் திருப்பம் பேட்டரி விளக்கு, வருமானத்துக்குத் தக்க மாதப் பங்கு என்பது அவர் திட்டம். துருப்பிடித்த பர்மியத்தில் அதற்கு அவர் சொன்ன சொல் 'அக்குன்'. அக்குன் என்றால் வரி. பாதிப்பேர் எழுந்துபோகச் செருப்பைத் தேடினார்கள். 'அலூ', அதாவது தானம், என்று சொல்லியிருந்தால் பெயரை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டுக்கொண்டு பணத்தை நீட்டியிருப்பார்கள்.

நான் எழுந்து, எல்லா விளக்கையும் என் கடையிலிருந்தே தருகிறேன், 'உபயம்' என்று கடைப் பெயரை எழுதினால் போதும் என்றேன். கைதட்டினார்கள். அவர் மட்டும் தலையாட்டி மறுத்தார். "உபயம்னா அது உங்க லைட்டு பாய். அது கெட்டுப்போனா டோ மியா உங்ககிட்ட கெஞ்சி நிக்கணும். பங்கு கட்டினா அவங்க லைட்டு."

வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் எல்லாரையும் இணங்க வைத்தார். டோ மியாவுக்கு மிகச் சிறிய பங்கு. தரைத்தளத்தில் கடையும் வீடுமாக இருக்கிற, படியே ஏறாத எனக்குப் பெரிய பங்கு! இது என்ன நியாயம் என்று கத்தினேன். "முணுமுணுத்துக்கிட்டே கட்டுங்க. டென்மார்க்குலயும் எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டுத்தான் கட்டுறாங்க" என்று சிரித்தார்.

விளக்குகளை என் கடையில்தான் வாங்கி மாட்டியிருந்தோம். கொஞ்ச நாளில் டோ மியா கடைக்கு வந்தார். மூணாம் திருப்பத்து விளக்கு மங்குகிறது, இன்றைக்கே மாற்று என்று அதட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அந்தோணி அண்ணனுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா பாய், கெஞ்சல! கேக்குறாங்க!" அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அவர் சவப்பெட்டியை அந்தப் படிகளில்தான் இறக்கினோம். குறுகலான திருப்பங்களில் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அன்றும் மின்சாரம் இல்லை. எந்தத் திருப்பத்திலும் ஒருவர் காலும் தடுமாறவில்லை.

மறுநாள் மனசு கேட்காமல், ஒவ்வொரு விளக்கின் கீழும் 'ஊ அந்தோணி நினைவாக' என்று எழுதப் பெயின்ட்டும் தூரிகையுமாக ஏறினேன். நாலாம் மாடியில் டோ மியா மறித்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அவர் பேரை எழுதினா இது அவர் விளக்காயிடும். இது என்னுது. அவர்தான் சொன்னார்" என்றார். தூரிகையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த முணுமுணுப்புதான். வரி விஷயத்தில் நான் இன்னமும் உங்கள் கட்சி இல்லை, அண்ணே. இந்த மாதமும் வாய் ஓயாமல் முணுமுணுத்தேன். கட்டிவிட்டேன்.