கொட்டாவி விட்டும் திறக்காத காது

போன வாரம் கொடைக்கானல் போயிருந்தேன். முதல் இரண்டு நாளும் கொட்டாவி விட்டதிலேயே கழிந்தது.

தூக்கமில்லை, அலுப்புமில்லை. மலை ஏறும்போது காது அடைக்கும் அல்லவா... அதற்கு வைத்தியம்! பழனியில் முருகனைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து மலைப் பாதையில் வண்டி நாலைந்து வளைவு ஏறியதுமே டிரைவர் சகாயம் திரும்பிப் பார்த்தார்.

“காது அடைக்குதா சார்? வாயை நல்லாத் தொறந்து கொட்டாவி விடுங்க. இல்லாட்டி எச்சி முழுங்குங்க. பெருமாள்மலை போறதுக்குள்ள சரியாப் போயிரும்.”

விட்டேன். விழுங்கினேன். பின்சீட்டில் இருந்த என் மனைவி விஜயாவுக்குப் பாதி வழியிலேயே காது திறந்துகொண்டது. எனக்கு? பெருமாள்மலை வந்தது, போனது. கொடைக்கானல் ஏரியே வந்துவிட்டது. காது மட்டும் வரவில்லை.

எப்படி வரும்? என் காது அடைத்தது பழனி மலையில் அல்ல. திண்டுக்கல்லில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டது. பக்கத்தில் பேசினால் புரியும்; மெல்லிய சத்தமும் ஸ்வரமும் பிடிபடாது. டாக்டர் பார்த்தார். இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார். வாங்கியும் ஆயிற்று. சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரமாக இருக்கிறது. எங்கே போனாலும் சட்டைப் பையில் என்னோடு வருகிறது. காதுக்கு மட்டும் போகாது.

வெட்கம்தான், வேறென்ன? பல வருஷமாகக் கச்சேரி கேட்டு எழுதுகிறவன். ‘அந்த ஆளுக்குக் காதே கேக்காதாம்ப்பா’ என்று நாலு பேர் சொன்னால் என் எழுத்து என்ன ஆவது? கண்ணாடி போட்டவனைப் படிப்பாளி என்கிற இந்த உலகம், காது மெஷின் போட்டவனை மட்டும் ஏன் கிழவன் என்கிறது?

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களிடமும் இதை மறைத்துத்தான் வந்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஆனால் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். என் மகள் தாரிணி.

தாரிணி கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சின்ன வயதிலிருந்தே எந்த மெட்டுப் போட்டாலும் முதலில் என்னிடம்தான் வருவாள். “அப்பா, சரியா இருக்கா?” நான் ஒரு குறை சொல்வேன். அவள் சண்டை போடுவாள். அரை நாள் பேசமாட்டாள். பிறகு திருத்திக்கொண்டு வந்து நிற்பாள். இதுதான் எங்கள் வழக்கம்.

போன வருஷம் போனில் நாலு மெட்டுப் பாடிக் காட்டினாள். நாலுக்கும் ‘பிரமாதம்மா’ என்றேன். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நாலாவதை வேண்டுமென்றே ஸ்வரம் தப்பிப் பாடியிருக்கிறாள்! அதற்கும் அப்பா பிரமாதம் என்றுவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ‘சாப்டீங்களாப்பா’ என்பாள், ‘மாத்திரை போட்டீங்களா’ என்பாள். மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது எனக்கு வலித்தது. ராத்திரி படுத்தால் அதுதான் நினைவுக்கு வரும். இருந்தும் மெஷினை எடுத்து மாட்டினேனா? இல்லை... வீம்பு!

இந்தத் தடவை அவளிடம் பாட்டுக் கற்கும் பள்ளிப் பிள்ளைகள் பாடும் நிகழ்ச்சி. சனிக்கிழமை சாயங்காலம், பள்ளி ஹாலில். மெட்டு அவள் போட்டது. எப்படியாவது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும், அவள் பழையபடி ‘சரியா இருக்கா’ என்று கேட்க வேண்டும். நான் மலை ஏறியதே அதற்குத்தான்.

கூடவே ஒரு சைடு வேலை. ‘கொடைக்கானலில் மூன்று நாளில் என்னென்ன பார்க்கலாம், எழுதுங்கள்’ என்று தேனியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்காக நோட்டும் பேனாவும் எடுத்துப் போயிருந்தேன்.

எழுதியது என்ன தெரியுமா? தூண் பாறை — வெள்ளை. கோக்கர்ஸ் வாக் — வெள்ளை. முதல் நாள் அப்படி ஒரு மூடுபனி! தூண் பாறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே ஒன்றுமே இல்லை. சகாயம் அந்த ஒன்றுமில்லாததைக் கை நீட்டிக் காட்டினார்.

“இதான் சார் தூண் பாறை.”

“எங்கேப்பா?”

“உள்ளதான் சார் இருக்கு. எங்கயும் போகாது.”

சுற்றிலும் நாற்பது பேர் அந்த வெள்ளையை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். அழகாகத்தான் வந்திருக்கிறது.

சகாயத்துக்கு இதிலெல்லாம் வருத்தமே கிடையாது. அவர் சர்ச் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர். “இந்த ஊருக்கு எல்லாரும் பாக்க வர்றாங்க சார். பாக்குறதுக்கு மிஸ்ட்டு விடணும். கேக்குறதுக்கு யார் விடணும்?” என்பார். சோலைக்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தி, “அந்தா, சீட்டியடிக்குது பாருங்க” என்றார். விஜயா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஏதோ ஒரு குருவி, பாட்டு மறந்துபோன பையன் மாதிரி விட்டுவிட்டுச் சீட்டியடித்ததாம். பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நானும் ‘ஆஹா’ என்று தலையாட்டினேன். குருவி இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் பார்த்து!

சகாயம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இன்னும் காது விடலையா சார்? எல்லாருக்கும் பெருமாள்மலையோட விட்டுரும். உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிக் கெடக்கு?”

“அடைச்சேதான் இருக்குப்பா” என்றேன். இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்தார். மனசாட்சி உறுத்த உறுத்த மென்றேன்.

சனிக்கிழமை. “வெள்ளனே கெளம்பிட்டா பூம்பாறை பாத்துட்டு வெரசா திரும்பிரலாம் சார். பாப்பா ப்ரோகிராமுக்கு லேட்டாகாது” என்று சகாயம் ஆறரைக்கே வந்துவிட்டார். அன்றைக்கு நல்ல வெயில். அடுக்கடுக்காகப் பூண்டு வயல், ஓட்டு வீடுகள், நடுவே வேலப்பர் கோயில். கட்டாயம் போய்ப் பாருங்கள், வாசகியே! விஜயா இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினாள். வண்டி முழுக்க வாசம்.

திரும்பும்போது பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. சும்மா இல்லை — வண்டியின் மூக்கே தெரியவில்லை.

சகாயம் உடனே வண்டியில் ஓடிய பாட்டை நிறுத்தினார். எல்லாக் கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். இந்த மலையில் டிரைவர்கள் பனிக்குள் அப்படித்தான் ஓட்டுவார்களாம். முடக்கு என்கிற வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, மூச்சு விடாமல் கேட்பார்கள். எதிரே டயர் சத்தமோ பதில் ஹாரனோ வரவில்லை என்றால்தான் நகர்த்துவார்கள். மூன்று முடக்கு அப்படியே தாண்டினோம்.

நாலாவது, இடப்பக்கம் திரும்புகிற முடக்கு. வலப்பக்கம் அவர் ஜன்னலுக்குக் கீழே ஓடை. மழைத் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல். விஜயாவும் அந்தப் பக்கம்தான், வாந்தி மாத்திரை போட்ட மயக்கத்தில் சாய்ந்திருந்தாள்.

“சார், எனக்கு இந்தப் பக்கம் தண்ணிச் சத்தம். நீங்க தலையை வெளிய நீட்டி எடப்பக்கம் கேளுங்க. எதுவும் வருதா?”

நீட்டினேன். கேட்டேன். என்னுடைய உலகம் எப்போதும் போல அமைதியாக இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. போங்க” என்றேன்.

போனார். பனிக்குள்ளிருந்து ஒரு பிக்கப் வண்டி முளைத்தது. இறக்கத்தில் நியூட்ரலில் வந்திருக்கிறான். இன்ஜின் சத்தம் கிடையாது, டயர் சத்தம் மட்டும்தான். இரண்டு பேரும் பிரேக்கை மிதித்தார்கள். விஜயா என் பெயரைச் சொல்லி அலறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அது எனக்கே கேட்டது.

வண்டி நின்றபோது இரண்டு பம்பருக்கும் நடுவே ஒரு ஜாண்.

“ஏலே சகாயம்! கண்ணு தெரியலையா?” என்று பிக்கப்காரர் கத்தினார்.

“இந்த மிஸ்ட்டுல யாருக்குய்யா கண்ணு தெரியுது? நியூட்ரல்ல வராதன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று இவரும் கத்தினார். கத்தி முடித்து, பிக்கப் ஒதுங்கிப் போனதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார்... டயர் சத்தம் உங்க பக்கமாத்தான வந்திருக்கும்?”

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன். “எனக்குக் காது கேக்காது சகாயம். மலையில அடைச்சது இல்ல. முன்னாடியே அப்படித்தான்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலே உயரவில்லை.

“காது கேக்காதது தப்பில்ல சார். ‘கேக்கல’ன்னு சொல்லியிருந்தா நானே எறங்கி முடக்கு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன். நீங்க ‘ஒண்ணுமில்ல’ன்னீங்க பாருங்க... அதான் சார் தப்பு. எனக்கும் வீட்ல புள்ளைக இருக்கு.”

எனக்குக் கேட்கவில்லை என்பது வேறு. அங்கே ஒன்றுமில்லை என்பது வேறு. இத்தனை வருஷம் எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா? யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் ஆபீசிலும் நாம் முக்கால்வாசி நேரம் செய்வது இதைத்தான். பெண்டாட்டி சொல்வது காதில் விழாவிட்டால் ‘அவ ஒண்ணும் சொல்லல’ என்கிறோம். பிள்ளை மனசில் இருப்பது புரியாவிட்டால் ‘அவனுக்கு ஒரு குறையுமில்ல’ என்கிறோம்.

விஜயா டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, பஞ்சை நீக்கி, இரண்டையும் அவளே மாட்டிவிட்டாள்.

“இப்பக் கேக்குதாங்க?”

கேட்டது. ஐயோ, எல்லாமே கேட்டது! ஸ்வெட்டர் உரசுவது, பூண்டுப் பை சரசரப்பது, சகாயத்தின் மூச்சு, தண்ணீர்... உலகம் இவ்வளவு இரைச்சலாகவா இருக்கிறது? கழற்றி எறியலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த முடக்கில் சகாயம் வண்டியை நிறுத்தி, “சார், எடப்பக்கம்?” என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுபடியும் என்னிடமே கேட்டார்! கண் கலங்கிவிட்டது. “தூரத்துல ஏதோ வருது, நில்லுங்க” என்றேன். ஒரு பைக் போனது.

சாயங்காலம் ஹாலில் முன்வரிசை. காது மெஷின் மந்திரக்கோல் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் ஒருவர் முறுக்குத் தின்றது வயலினைவிடப் பலமாகக் கேட்டது. ஆனாலும் பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும்... பேத்துப்பாறை மலைக்கிராமத்திலிருந்து வருகிற பிள்ளை, பழனிக் கடைத்தெருப் பிள்ளை, சர்ச்சில் பாடிப் பழகிய பிள்ளை, எல்லாம் கலந்து இருபது பேர். மேலே காவடிச் சிந்து நடையில் ஒரு வரிசை துள்ளிப் போக, கீழே சர்ச் பாட்டு மாதிரி இன்னொரு வரிசை நிதானமாகத் தாங்கிப் பிடித்தது. மலையடிவாரத்தையும் மலை உச்சியையும் என் மகள் ஒரே மெட்டில் கட்டிவிட்டாள். அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

முடிந்ததும் தாரிணி வந்தாள். “குளிருதாப்பா? காபி குடிச்சீங்களா?”

வேறெதுவும் கேட்கவில்லை. ‘பிரமாதம்மா’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

“தாரிணி... மூணாவது சரணத்துல, அந்தக் கீழ்க்குரல் கடைசி ரெண்டு வரி எனக்குக் கேக்கலம்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம்? மத்ததெல்லாம் சரியா இருந்துச்சாப்பா?”

“பல்லவியில மட்டும் கொஞ்சம் அவசரம். ஓடுது.”

“ஓடலை! அந்த வேகம் நான் வச்சது!”

“வச்சது தப்பு.”

“உங்களுக்கு என்ன தெரியும்?” என்று இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நின்றாள் என் மகள். எவ்வளவு நாளாயிற்று! விஜயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கீழ்க்குரல்காரப் பிள்ளைகள் ஆறு பேரைத் தாரிணி கைதட்டிக் கூப்பிட்டாள். “இங்க வாங்கப்பா எல்லாரும். எங்க அப்பாவுக்குக் கடைசி ரெண்டு வரி கேக்கலையாம்.”

‘பிரமாதம்’ என்று சொல்லிப் பாருங்கள், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ‘கேட்கவில்லை’ என்று சொன்னால்தான் பக்கத்தில் வந்து, இன்னொரு தடவை பாடுவார்கள்!