மூன்றாவது மனு

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவர் அவர். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு வருவார். அங்கே மனு வாங்குகிற குமாஸ்தா நான். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே என் மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார். பிசிறு தேடிப் பழகிய விரல், வெளியே வந்தாலும் சும்மா இருக்காது.

அவருடைய எட்டு வயது மகளுக்குப் பேச்சு வராது. வகுப்பில் சில நேரம் கத்துவாள். இனி பள்ளிக்கு வர வேண்டாம், வாரம் ஒருநாள் சிறப்பு டீச்சர் வீட்டுக்கு வருவார் என்று தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார். அதை எதிர்த்து இவர் இரண்டு மனு கொடுத்தார். இரண்டையும் விளக்கம் கேட்டு அதே தலைமையாசிரியருக்குத்தான் அனுப்பினோம். எடுத்த முடிவு சரியே என்று இரண்டு முறையும் ஒற்றை வரியில் பதில் வந்தது.

மூன்றாவது மனுவை நீட்டியபோது கேட்டார்: "எங்க லைன்ல ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா, பண்ணவனே திரும்ப செக் பண்ண மாட்டான் சார். வேற ஆளு பாப்பான். இங்க இன்னா சார், அவரு பண்ணது சரியான்னு அவரையே கேக்குறீங்க?"

"இந்த தடவையும் ஆபீசர்கிட்ட வைக்கிறேன்" என்றேன்.

"தெனம் காலைல பாப்பா பைய மாட்டிகினு வாசல்ல நிக்குது சார்."

நகலில் சீல் குத்திக் கொடுத்தேன். வாங்கி, அதன் விளிம்பையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் அதிகாரியின் குறிப்போடு மனு திரும்பி வந்தது: தலைமையாசிரியரிடம் விளக்கம் பெறவும். கடிதத்தை டைப் அடித்தேன். அந்தப் பள்ளியின் முகவரியைப் பார்க்காமலே அடிக்க வந்தது.