பின்சக்கரத்துக்குப் பூசிய மாதா எண்ணெய்

பிரியமானவர்களே, நேர்ந்துகொள்ளும்போது வாயை அளந்து திறக்க வேண்டும். நான் அளக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் என் வீட்டுக்காரர் சூசைக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் பிடிக்க முடியாது. சோறு நான்தான் ஊட்டினேன். அவருடைய மோட்டார் சைக்கிள் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வாசலில் கோணி போர்த்திக்கொண்டு நின்றது. மனிதர் நாள் முழுக்க ஜன்னல் வழியாக அதையே பார்ப்பார். என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் அவர் சத்தமில்லாமல் அழுதார். "மாதாவே, இந்தக் கை ஆக்சிலேட்டரை முறுக்கட்டும். இதே வண்டியில ரெண்டு பேரும் வேளாங்கண்ணிக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

மாதா தாமதிக்கவில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் கை முறுக்கியது.

சிவாஜிநகர் மெக்கானிக் மஸ்தான் பாயிடம் வண்டியை விட்டோம். புது செயின், புது பிளக், மாற்றுக்கு ஒரு கிளட்ச் கேபிள், ஒரு டியூப். மூட்டை கட்ட கேரியர் வெல்டிங் வைத்தார். பின் பிரேக்கை மட்டும் தொடவில்லை. "அது நானு போன வருசம் போட்டது அண்ணே, கல்லு மாதிரி இருக்கும்" என்றார். நான் பழைய தலையணையைப் பிரித்து எனக்கு ஒரு மெத்தை தைத்தேன். வண்டியில் எல்லாம் புதுசு. பின்னால் உட்காரப் போகிறவள் மட்டும் பழசு.

ஆனாலும் பயம் போகவில்லை. ஓசூர் தாண்டினால் வழியெல்லாம் லாரி. "மாதாவே, எங்கயாவது கெட்டது ஒளிஞ்சிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடியே காட்டிடு" என்று தினமும் கேட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு லட்சுமம்மா, சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு நிம்பெஹண்ணு கொண்டுவந்து கொடுத்தாள். அந்த எலுமிச்சம்பழம் இரண்டும் சர்பத்துக்குப் போனது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மிடம் ஒன்றும் இல்லையா என்ன? வேளாங்கண்ணியிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த மந்திரித்த எண்ணெய் அலமாரியில் இருந்தது. ஹேண்டிலில் ஒரு சிலுவை போட்டேன். சீட்டில் ஒரு சிலுவை. பின்சக்கரத்துக்கு அது போதாது என்று தோன்றியது. நான் உட்காருவது அதன் மேல்தானே. அதன் நடுவில், அச்சு நுழையும் தொப்புளில் பாதி பாட்டிலைக் கவிழ்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மூட்டையெல்லாம் கட்டி, "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம், ஏறு" என்றார். ரயில்வே பாலத்து இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் அது பாட்டுக்குப் போனது. வலது கையால் முன் பிரேக்கைப் பிடித்து, ஓரத்தில் கிடந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். மடங்காது என்று நாங்கள் அழுத அதே விரல்கள். நான் மூட்டையோடு மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கீறல் இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மஸ்தான் பாயிடம் போனோம். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கில் வழிந்திருந்ததை விரலில் தொட்டு மோந்தார்.

"கிரீஸ் இல்ல அண்ணே இது. தேங்காண்ண வாசன வருது."

சூசை என்னைப் பார்த்தார். நான் எதிர்க்கடையில் தொங்கிய துணியைப் பார்த்தேன்.

"ரோஸி."

"இன்னாங்க?"

"மாதா எண்ண எங்க?"

"பாதி பாட்டில் பத்திரமா இருக்குங்க."

"சக்கரத்துக்குத் தலவலியா? தைலம் தேச்சி உட்டுக்கீற."

மஸ்தான் பாய் சிரித்துக்கொண்டே துடைத்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. பிரேக் கட்டையின் லைனிங் ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. நகத்தால் நெம்பினார். துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

"தொறந்து பாக்காம உட்டது என் தப்பு அண்ணே. இது ஸ்பீடுல பேந்து மாட்டிருந்தா வீல் ஜாம் ஆயிருக்கும். ரெண்டு பேரும் ரோட்டுல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மா, நீங்க எண்ண ஊத்தலேன்னா நானு இத தொறந்தே இருக்க மாட்டேன்."

காட்டிவிடு என்று கேட்டேன், காட்டிவிட்டாள். என் முட்டாள்தனத்தையே திருப்புளியாக்கித் திறந்து காட்டினாள்.

புது லைனிங் போட்டு, ஒரு நாள் தள்ளிக் கிளம்பினோம். இரண்டாம் நாள் கடல் காற்று முகத்தில் பட்டது. இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன். நான் ஜெபம் செய்தால் கேலி பேசும் மனிதர், கோயிலில் எனக்கு முன்னால் முழங்காலில் நின்றார். அந்த வலது கையால் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அதற்குப் பிறகு வண்டியை எடுக்கும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு என்னிடம் கையை நீட்டுவார். "பாட்டில குடு" என்று வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அது பக்தியா, என் மேல் உள்ள பயமா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

உங்களுக்கும் ஏதாவது கைவிட்டுப் போன மாதிரி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். படிப்பு வேண்டாம், நல்ல வார்த்தை வேண்டாம். நான் கேட்டதற்கே செவிகொடுத்த மாதா, உங்களைத் தள்ளமாட்டாள். எண்ணெயை மட்டும் நெற்றியில் பூசுங்கள்.